தூண்டில் மணி

சைதூனுக்குத் தொண்டை கட்டிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மிளகுக் கஷாயம் குடித்தாயிற்று, பனங்கற்கண்டை வாயில் அடக்கிப் பார்த்தாயிற்று, ஒன்றும் சரியாகவில்லை. எப்படிச் சரியாகும்? விடிந்ததிலிருந்து புருஷனிடம் கத்திக்கொண்டே இருக்கிற பெண்பிள்ளைக்கு எந்தக் கஷாயம் என்ன செய்துவிடும்! "நாஷ்டா வெச்சிக்கீறேன், வந்து துன்னுங்க" என்று அவள் கூப்பிட்டால் நாலு வீடு தள்ளியிருக்கும் சரோஜா அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். பாய் வீட்டில் தினம் சண்டை என்று தெருவே பேசிக்கொண்டது. சைதூன் அதை மறுக்கவில்லை. சண்டைக்காரி என்று பேர் வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

மொய்னுதீனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் வலது காது, அதன் பிறகு இடது. அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "நீ வாய்க்குள்ளயே முணுமுணுன்னா எவனுக்குப் புரியும்?" என்பார். தப்பு அவள் வாயில்தான் என்று வைத்துக்கொண்டார். அவளும் சரி என்று குரலை ஏற்றிக்கொண்டே போனாள்.

அவருக்குத் தொழில் தூண்டில். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி தெரியாதவர் கிடையாது. ரயிலில் வந்தவர்கள் ஜன்னலோரம் பார்த்திருப்பார்கள், அத்தனை தண்ணீர். ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. அதைத் தாண்டிப் போய்க் கரையில் குந்தினால் குத்தகைக்காரருக்குப் பங்கு போக மிச்சம் தூண்டில்காரர்களுக்கு. மூங்கில் குச்சியைச் சரிவில் ஊன்றி, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பில் ஈயக்குண்டு கட்டி, நாக்குப்பூச்சியோ கோழிக்குடலோ முள்ளில் கோத்து வீசிவிட வேண்டும். குச்சி நுனியில் ஒரு மணி. மீன் இழுத்தால் மணி அடிக்கும். ஒரே ஆள் பத்துப் பன்னிரண்டு தப்படி இடைவெளி விட்டு ஐந்து குச்சியைப் பார்த்துக்கொள்ளலாம். கண் ஒரு பக்கம் இருந்தாலும் காது ஐந்து பக்கமும் இருக்கும் அல்லவா?

ரயில் வரும் நேரம்தான் தொல்லை. சத்தத்தில் மணி காதில் விழாது. அதனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கேட்டவன் "வண்டி, வண்டி" என்று குரல் கொடுப்பான். உடனே ஆளாளுக்குத் தங்கள் பக்கத்திலிருக்கும் குச்சியின் நரம்பை விரலில் பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாலும் அந்த நேரத்துக்கு அவரவர் நசீபு, அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு. வண்டி போனதும் நரம்பை விட்டுவிட்டு பீடியைப் பற்றவைப்பார்கள். கரை நெடுக ஆட்கள் ஒரே சமயத்தில் குனிந்து நரம்பைப் பிடிப்பதை ரயிலில் போகிறவர்கள் பார்த்து, இவர்கள் நமக்குத்தான் சலாம் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

மொய்னுதீனின் மணிகள் சாதாரண மணிகள் இல்லை. அவருடைய அத்தா அப்துல் சுபஹான் ஜட்கா ஓட்டியவர். ஸ்டேஷனில் இறங்குகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு, மலைக்கோயிலில் கழுகு சோறு தின்ன வருவதற்குள் திருக்கழுக்குன்றத்தில் இறக்கிவிட வேண்டும். குதிரையின் கழுத்துப்பட்டையில் ஐந்து வெண்கல மணி கட்டியிருந்தார். அவருக்கும் இதே மாதிரிதான் காது போயிற்று. ஒருநாள் பின்னால் வந்த லாரி ஹாரனை அடி அடி என்று அடித்திருக்கிறான். இவர் ஒதுங்கவில்லை. குதிரை அங்கேயே செத்தது, அவர் பிழைத்தார். ஜட்கா ஸ்டாண்டில் அன்றைக்கு எவனோ சொன்னான், "செவுட்டு சாயபுக்கு வண்டி எதுக்கு?" அவ்வளவுதான். அதற்கப்புறம் அவருக்கு எவனும் வண்டி தரவில்லை. வீட்டு மூலையில் ஒரு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார், மையத்தாக நாலு பேர் தோளில்தான் எழுந்தார். அத்தனை வருஷமும் தட்டில் சோறு கொண்டுபோய் வைத்தது மொய்னுதீன்தான். குதிரை மணிகளைத் தூண்டில் குச்சியில் கட்டியவரும் அவரே.

ஆவணி மாதம் முடிகிற சமயம். புழுக்கம் ஆளைத் தின்றது, மேகம் வந்து வந்து கலைந்துகொண்டிருந்தது. சைதூன் வாசலில் குந்தி விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வழவழப்புப் போகத் தேய்க்காவிட்டால் விரால் கையில் நிற்காது. துரை வந்து நின்றான். ஏரிக்கரையில் மொய்னுதீனுக்குப் பக்கத்து இடம் அவனுடையது. முப்பது வயது, கல்யாணமாகாதவன், வாயாடி. அன்றைக்கு வாயைக் காணோம்.

"பாய் வூட்ல இல்லதானக்கா?"

"ஏரியாண்டதான் கீறாரு. நீ இன்னா தூண்டில வுட்டுட்டு வந்துட்ட?"

"நான் நாளையிலேர்ந்து வரமாட்டேங்கா. கல்பாக்கத்துல அந்தக் கரண்டு பாக்டரி கட்றாங்கல்ல, அங்க கான்ட்ராக்டர்கிட்ட வேல கெடச்சிக்கீது. தங்கல் அங்கதான்."

"நல்ல சேதிதான? மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிகினுக்கீற?"

துரை குந்தினான். தரையில் ஒரு குச்சியால் கோடு கிழித்தான், அழித்தான்.

"பாய்க்கு மணி கேக்கறதில்லக்கா."

சைதூன் மீனைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மணி அடிக்கச்சொல்ல நான் ஒரு மண்ணாங்கட்டிய எடுத்து அவரு கால்மாட்டுல எறிவேன். எந்தக் குச்சியோ அந்தப் பக்கமா எறிவேன். இன்னாடா வெள்ளாட்டு, பொறம்போக்குன்னு திட்டுவாரு. திட்டிகினே போய் நரம்ப இஸ்துப் பாப்பாரு. மீனு இருக்கும்."

"எத்தினி நாளா?"

"போன மழைக்கு முன்னாலேர்ந்து."

"நீ எதுக்கு எறியறன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? ஆனா நாங்க அதப் பத்திப் பேசிக்கினது இல்லக்கா. பேசினா அவரு அப்பால என் மூஞ்சியில முழிக்கமாட்டாரு." கையிலிருந்த குச்சியைப் போட்டான். "இன்னொண்ணு கீது. கோச்சிக்காத. தண்டவாளம் தாண்டச்சொல்லயும் நான்தான் முன்னால போவேன். முன்ன மாதிரி கரி வண்டின்னா ஊளை வுட்டுகினு வரும். இந்தக் கரண்டு வண்டி கிட்ட வர்ற வரிக்கும் கம்முனு வருது. அந்த வளைவுல வேற கண்ணுக்குத் தெரியாது. ஒரு தபா பாய் சட்டையப் புடிச்சி இஸ்துட்டேன். அத்தயும் வெள்ளாட்டுன்னுதான் சொன்னாரு."

விரால் சைதூனின் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. காது போனது அவளுக்குத் தெரியும். மீன் குறைந்தால் குறையட்டும், கத்திக் கத்தியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தாள். தண்டவாளத்தை அவள் நினைக்கவே இல்லை. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், அந்த மனிதர் முதுகில் கூடையோடு அதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். யா அல்லா, இத்தனை நாள் எப்படித் தூங்கினோம்?

துரை போனதும் கையைக் கழுவிக்கொண்டு நேரே பஜாருக்குப் போனாள். அவள் தம்பி காஜா மொய்தீன் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். நாலு மாதத்துக்கு முன்பே அவன் தூண்டிலுக்கு ஒரு சாதனம் செய்து, வேண்டுமா என்று மச்சானிடம் கேட்டிருந்தான். மொய்னுதீன் காறித் துப்பாத குறையாக அவனை அனுப்பிவிட்டார். துணி மாட்டுகிற மரக் கிளிப்பின் வாயில் இரண்டு பக்கமும் பித்தளை ஆணி. நடுவில் நரம்பில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. மீன் இழுத்தால் துண்டு உருவிக்கொள்ளும், ஆணிகள் ஒட்டும், பல்பு எரியும். பகலிலும் தெரிவதற்காகப் பல்பைப் பால்பவுடர் டப்பாவுக்குள் வைத்து உள்பக்கம் கறுப்பு அடித்திருந்தான். ஐந்து டப்பா வரிசையாக ஒரு பலகையில், ஒவ்வொன்றிலிருந்தும் குச்சியில் மாட்டுகிற கிளிப் வரைக்கும் நீள ஒயர். அடியில் டார்ச்சு லைட் பேட்டரிக் கட்டைகள்.

அன்று விளக்கு வைத்ததும் காஜா அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மொய்னுதீன் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்தார், திரும்பவும் சிக்கில் கையை வைத்தார்.

"மச்சான், ஒரு தபா பாருங்களேன்!" காஜா கத்தினான். துண்டை உருவினான். பல்பு சிவப்பாக எரிந்தது. "எந்த டப்பா எரியுதோ அந்தக் குச்சில மீனு. ரயிலு போனாக்கூடக் கவல இல்ல."

"மணிக்கு இன்னா கொற?"

"கொற இல்ல..."

"காத்து ஆட்டினா மணி ஒரு மாதிரி அடிக்கும். ஆமை இஸ்தா ஒரு மாதிரி. கெளுத்தி வந்து கடகடன்னு ஆட்டும். விரால் ரெண்டு தட்டுத் தட்டிட்டு ஒரே இஸ்ப்பா இஸ்க்கும். குந்தின எடத்துலேர்ந்தே இன்னா மீனுன்னு சொல்லிடுவேன் நானு. உன் பல்பு சொல்லுமா?"

"சொல்லாது மச்சான். எரியும், அவ்ளோதான்."

"அப்ப எடுத்துகினு போ."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தக் கரையில் அவர் அளவுக்கு மணியைப் படித்தவன் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கச் சைதூனுக்கு அழுகை முட்டியது. காஜாவுக்கு அவள் அளவுக்குப் பொறுமை கிடையாது.

"நான் சொன்னா கோவப்படுவீங்க. அந்த மணி காதுல வுழுந்து எத்தினி நாளாச்சி மச்சான்?"

இதைக் கத்தாமல்தான் சொன்னான், ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. கேட்டதோ, அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரோ. நரம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க அத்தாவ அப்டித்தான் சொன்னானுங்க. ஒரு வார்த்ததான். வூட்டு மூலைல கொண்டாந்து குந்தவெச்சிடிச்சி. நான்தான் சோறு வெச்சேன். தெனம் என்னப் பாத்து, குதுரைக்குத் தண்ணி காட்டினியாம்பாரு. குதுர செத்து எத்தினியோ வருசமாயிருக்கும்." அவர் குரல் தெருவுக்கே கேட்டது. தன் குரலின் அளவு அவருக்கு இப்போது தெரிவதில்லை. "அந்த வார்த்த இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது. நான் ஏரியாண்டயே சாவேன். மூலைல சாவமாட்டேன்."

காஜா பலகையை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவர் அதைத் தொடவில்லை. சைதூன் ஒரு பழைய கைலியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலையில் அவர் கிளம்பினபோது அவளும் பின்னாலேயே போனாள், தெருமுனை வரைக்கும். "எங்க வர்ற?" என்றார். தண்ணீருக்கு என்று குடத்தைக் காட்டினாள். அங்கிருந்தே அவர் தண்டவாளத்தைத் தாண்டுவதைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தார்தான். ஆனால் அந்த வளைவில் பார்த்து என்ன ஆகிறது! அவர் அந்தப் பக்கம் இறங்குகிற வரைக்கும் குடத்தோடு அங்கேயே நின்றாள்.

அன்று கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தாள். சோற்றைத் தூக்கில் அடைத்துக் கூடையில் வைத்து, அடியில் அந்தப் பலகையை வைத்து மேலே துணி போட்டுக் கிளம்பினாள். வழக்கமாகச் சாப்பாட்டைக் காலையிலேயே அவர் கொண்டுபோய்விடுவார். அன்றைக்கு வேண்டுமென்றே காலையில் அடுப்பை மூட்டாமல் விட்டிருந்தாள்.

தண்டவாளத்தருகே நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, ஓட்டமாகத் தாண்டினாள். கரைமேல் ஏறினால் அவர் முதுகு தெரிந்தது. ஏரி கொஞ்சம் உள்வாங்கி, ஓரத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. துரையின் இடத்தில் யாரும் இல்லை. அதற்கு அப்பால் முத்துசாமி மட்டும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். சைதூன் கூப்பிடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மொய்னுதீன் தன் பக்கத்திலிருந்த குச்சியின் நரம்பை விரலில் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி வருகிறதா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். தண்டவாளம் காலியாகக் கிடந்தது. முத்துசாமி நரம்பைப் பிடிக்கவில்லை, பீடி குடித்துக்கொண்டிருந்தார். காற்றுகூட இல்லை. அவள் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மொய்னுதீன் விரலை எடுக்கவே இல்லை. அவருக்கு மட்டும் ஒரு வண்டி முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது என்று சைதூனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு, மற்ற நாலையும் நசீபிடம் விட்டுவிட்டு, காலையிலிருந்து இப்படியே குந்தியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் கடைசிக் குச்சியில் மணி அடித்தது. டிங் டிங் என்று இரண்டு தட்டு. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி இரண்டு தட்டு. அவள் காலடியில் மண்ணாங்கட்டிகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள். எறிந்தால் முடிந்தது. திட்டிக்கொண்டே போய் இழுத்துக்கொள்வார், விரால் வரும், நாளைக்கும் அவள் வந்து நிற்பாள். சாயங்காலம் அவர் தண்டவாளத்தைத் தாண்டுவார்.

அவள் எறியவில்லை. மணி வெறிபிடித்த மாதிரி அடித்தது. குச்சி வளைந்தது. மண்ணைப் பிடுங்கிக்கொண்டு சரிந்தது. "பாய்! குச்சி பாய்!" என்று முத்துசாமி கத்திக்கொண்டே எழுந்தார். குச்சி தண்ணீரில் விழுந்து வேகமாக ஏரிக்குள் ஓடியது. அந்த அசைவைக் கண்ணின் ஓரத்தில் பார்த்துத்தான் மொய்னுதீன் திரும்பினார். ஓடினார். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் இறங்கினார். குச்சி எட்டவில்லை. நடு ஏரியில் ஒரு தரம் தலை தூக்கியது, அப்புறம் காணோம். அத்தாவின் குதிரை மணி அதோடு போயிற்று.

ஈரக் கைலியோடு கரையேறினவர் மேலே அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த மண்ணாங்கட்டியையும் பார்த்தார். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியாதா என்ன? அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சைதூன் இறங்கி வந்து அவருக்கு எதிரே மண்டிபோட்டாள். கத்த வாயைத் திறந்தாள். முத்துசாமி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மொய்னுதீனுக்குக் கேட்கிற மாதிரி கத்தினால் கரைக்கே கேட்கும். அவள் புருஷனின் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாக, வாயசைவு தெரியச் சொன்னாள்.

"மணி அடிச்சிது. நான் நின்னுகினு கேட்டேன். வேணும்னேதான் கம்முனு இருந்தேன்."

அவர் அவள் உதட்டையே பார்த்தார்.

"ஏன்?"

"மீனு போனா போவட்டும். மணி போனா போவட்டும். தொரை கல்பாக்கம் பூட்டான். இன்னிக்கி சாயங்காலம் வண்டி வரச்சொல்ல உங்க சட்டைய யாரு புடிச்சி இஸ்ப்பா? நீங்க பூட்டா நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க." அழுதுகொண்டே சொன்னாள். அழுகையில் உதடு கோணியது. ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் கைலியிலிருந்து தண்ணீர் சொட்டி மண் கறுத்தது.

"என்னயும் மூலைல குந்தவெப்ப" என்றார். முதல் தடவையாகக் குரல் மெல்ல வந்தது.

"மூலைல குந்தவெக்கறவ டப்பாவ எதுக்குத் தூக்கிகினு வருவா?" கூடையிலிருந்து பலகையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இங்கயே குந்துங்க. இதே எடத்துல. இத்தப் பாத்துகினு குந்துங்க."

அவர் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுக்குள் விரலை விட்டுப் பல்பைத் தடவினார். சைதூன் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். தின்றார். தின்று கை கழுவினவர் எழுந்துபோய் நாலு குச்சியிலும் மணிகளை அவிழ்த்தார். நரம்பில் பிளாஸ்டிக் துண்டைக் கட்ட அவருக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை நழுவியது. அவள்தான் கட்டினாள்.

முத்துசாமி கிட்டே வந்தார். "இன்னா பாய், தொரை கரண்டு பாக்டரிக்குப் போன மாதிரி நீங்களும் பல்புக்குப் பூட்டீங்க? மணி இன்னா ஆச்சி?"

மொய்னுதீன் அவர் வாயைப் பார்த்தார். முத்துசாமி பீடியைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர், வாயிலிருந்து ஒன்றும் பிடிபடாது. பழைய மொய்னுதீனாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பியிருப்பார். சைதூன் தானே ஏதாவது பதில் சொல்லிவிடலாமா என்று தவித்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னா கேக்கறாரு?"

"மணி இன்னா ஆச்சின்றாரு."

"எனக்குக் கேக்கறது இல்லன்னு சொல்லு."

முத்துசாமி பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "சரி பாய்" என்று மட்டும் சொன்னார். அது அவருக்குக் கேட்காது என்று நினைவு வந்து, தலையை ஆட்டினார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

பொழுது சாய்வதற்குள் பல்பு இரண்டு தடவை எரிந்தது. ஒரு தடவை ஒன்றுமில்லை, வெறும் பாசி. இன்னொரு தடவை கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி. பிடித்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்ன மீன் வரப்போகிறது என்று தெரியாமல் இழுப்பது அவருக்குப் புதுசு. நடு ஏரியைப் பார்த்துப் பார்த்து நின்றார். சைதூன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். அந்த மணிக்கு அவளே பதில் சொல்ல வேண்டும், அல்லாவிடமும் இவரிடமும். சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இருட்டுவதற்கு முன்னால் கிளம்பினார்கள். பலகை அவர் தோளில். மீனும் நாலு மணிகளும் அவள் இடுப்புக் கூடையில். அவள் நடக்க நடக்க மணிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தண்டவாளத்துக்கு வந்ததும் மொய்னுதீன் நின்றார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் வளைவைப் பார்த்தார். பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"வண்டி வருதா?"

முப்பது வருஷ வாழ்க்கையில் அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சைதூன் கூடையை இறுக்கி மணிகளை அடக்கிக்கொண்டு காது கொடுத்தாள். அடுத்த ஸ்டேஷன் பரனூர்ப் பக்கமிருந்து, வளைவுக்கு அந்தண்டை, மெல்ல ஒரு உறுமல் கிளம்பியிருந்தது.

"வருது" என்றாள், கத்தாமல். "நில்லுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி வந்து, கடைசிப் பெட்டியும் தாண்டிப் போகிற வரைக்கும் விடவில்லை.